முதலில் எடை நிலைக்கட்டும்

உடல் எடையை வெகுவாகக் குறைத்தவர்கள் சிலர், தொங்கும் வயிற்றுத் தோலை அறுவை சிகிச்சை மூலம் அகற்ற விரும்புகிறார்கள். அகற்றலாம். ஆனால் எது போகும், எது போகாது என்பதை முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள்.

மருத்துவர் எடுப்பது உபரித் தோலையும் அதன் அடியிலுள்ள கொழுப்பையும்தான். தளர்ந்த தசைகளை இழுத்துத் தைப்பதும் உண்டு. குடலைச் சுற்றிய கொழுப்பு அப்படியே இருக்கும். உங்கள் தொந்தி கைப்பிடிக்குள் சிக்காமல் கெட்டியாக இருந்தால், அது பெரும்பாலும் அந்த உட்கொழுப்புதான். அதை உணவுக் கட்டுப்பாடும் உடற்பயிற்சியும்தான் குறைக்கும்.

சிகிச்சைக்குப் பின் இரண்டொரு கிலோ கூடினால் பெரிய வித்தியாசம் தெரியாது. பத்து, பதினைந்து கிலோ கூடினால்? எஞ்சிய கொழுப்பு அணுக்கள் பெருக்கும், உட்கொழுப்பு தைத்த தசையை வெளியே தள்ளும், தோல் விரியும். அந்த எடையை மீண்டும் குறைத்தால், விரிந்த தோல் மறுபடியும் தொங்கும். வயதாக ஆகத் தோல் சுருங்கும் தன்மை குறைவதால், மூத்தோருக்கு இது இன்னும் எளிதில் நேரும்.

ஆகவே, குறைக்க நினைக்கும் எடையை முதலில் குறையுங்கள். ஆறு மாதமாவது அது ஏறாமல் இறங்காமல் நிற்கட்டும். தீபாவளிப் பலகாரங்களைத் தாண்டியும் நின்றால் இன்னும் நல்லது!

அழகுக்காக மட்டும் செய்துகொள்ளும் சிகிச்சைக்குச் சிங்கப்பூரில் மெடிசேவ் பணத்தைப் பயன்படுத்த முடியாது. கைப்பணம்தான் செலவாகும். நீரிழிவோ புகைப்பழக்கமோ இருந்தால் காயம் ஆறத் தாமதமாகலாம், மருத்துவரிடம் மறைக்காதீர்கள். உட்கொள்ளும் மருந்துகளின் பட்டியலையும் கையோடு கொண்டுசெல்லுங்கள்.