அறியாமல் மிதிக்கும் கால்கள்

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருநாமம் போற்றி ஆரம்பம் செய்கின்றேன். புகழ் அனைத்தும் அகிலங்களைப் படைத்துப் பரிபாலிக்கும் அல்லாஹ்வுக்கே உரித்தாகுக. ஸலாத்தும் ஸலாமும் எங்கள் தலைவர் முஹம்மத் (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.



ஸூரதுந் நம்லிலே எறும்பின் பெயரால் ஒரு நிகழ்ச்சி சொல்லப்படுவதை நீங்கள் அறிவீர்கள். நபி ஸுலைமான் (அலை) அவர்கள் தமது பெரும் படையுடன் எறும்புகள் வாழும் ஓர் ஓடையை வந்தடைகின்றார்கள். அப்போது ஓர் எறும்பு தன் இனத்தாரை அழைத்து, உங்கள் வாழிடங்களுக்குள் நுழைந்து கொள்ளுங்கள், ஸுலைமானும் அவரது படையினரும் தம்மையறியாமலேயே உங்களை மிதித்துவிடக் கூடும் என்ற கருத்தில் எச்சரிக்கின்றது. அதனைச் செவியுற்ற ஸுலைமான் (அலை) அவர்கள் புன்னகைத்தார்கள். தமக்குக் கிடைத்த அருட்கொடைகளுக்கு நன்றி செலுத்தவும், அல்லாஹ் பொருந்திக்கொள்ளும் நற்செயல் புரியவும் அருள்புரியுமாறு பிரார்த்தித்தார்கள்.

இங்கே ஒரு சொல்லை நாம் நின்று நிதானித்துச் சிந்திக்க வேண்டும். அந்த எறும்பு படையினர் மீது கொடுமை எனும் குற்றத்தைச் சுமத்தவில்லை. அவர்கள் அறியாமல் மிதித்துவிடுவார்கள் என்றே சொன்னது. படை செல்வது தவறன்று. பாதையில் நடப்பது பாவமன்று. ஆயினும், ஆகுமான ஒரு காரியத்தைச் செய்து கொண்டிருக்கும்போதே, நமது கால்களின் கீழே ஒரு சமூகம் அழிந்து போகக் கூடும். அறியாமல் நேரும் அந்தத் தீங்கைப் பற்றியே இன்றைய இவ்வுரையில் உங்களுடன் பேச விரும்புகின்றேன்.

நேயர்களே! இக்காலத்தின் பெரும் படை எதுவென்று கேட்டால், விரிந்து செல்லும் நகரங்களே என்று தயங்காமல் கூறலாம். வீடு கட்டுவது ஆகுமானது. வீதி அமைப்பது மக்களுக்குப் பயன் தருவது. ஆனால் வெறுமையான நிலம் என்று நாம் எண்ணும் இடம் உண்மையில் வெறுமையானதுதானா? எல்லாவற்றிலும் வெறுமையாகத் தோன்றுவது பாலைவனம். ஆகவே பாலைவனத்தையே உதாரணமாக எடுத்துக்கொள்வோம்.

அமெரிக்காவின் தென்மேற்கிலே மொஹாவி எனும் பாலைவனம் உள்ளது. அங்கு வாழும் பாலைவன ஆமை தனது வாழ்நாளில் பெரும்பகுதியை, ஏறத்தாழ 95 சதவீதத்தை, நிலத்தின் கீழே தான் தோண்டிய வளைக்குள்ளேயே கழிக்கின்றது. 50 ஆண்டுகளுக்கு மேலும் அது வாழக் கூடியது. இனப்பெருக்கம் செய்யும் பருவத்தை அடைய ஏறக்குறைய 15 ஆண்டுகள் அதற்குத் தேவைப்படுகின்றன. மழைக்காலத்தில் குடித்த நீரைத் தன் சிறுநீர்ப்பையில் சேமித்து வைத்து, மாதக்கணக்கில் நீரருந்தாமல் வாழும் ஆற்றலை வல்ல நாயன் அதற்கு அளித்திருக்கின்றான். வேடிக்கைக்காக ஒருவர் அதனைத் தூக்கினால், அச்சத்தினால் அந்த நீரை அது வெளியேற்றிவிடும். மீண்டும் மழை பெய்யும் வரை தாகித்தே அது மடிந்துவிடவும் கூடும். தூக்கியவருக்கோ தாம் என்ன செய்தோம் என்பதே தெரியாது.

இந்தப் பாலைவனத்தின் நடுவிலேதான் லாஸ் வேகாஸ் நகரம் வளர்ந்தது. சூதாட்டத்தினால் பெயர்பெற்ற நகரம் அது. அதன் வாழ்க்கை முறை நமக்கு முன்மாதிரியன்று. எனினும் பயனுள்ள அறிவு எங்கிருந்தாலும் அதனைப் பெற்றுக்கொள்வது முஃமினின் பண்பாகும். அந்நகரம் அமைந்துள்ள கிளார்க் மாவட்டத்தில் 1990 இல் சுமார் 7 இலட்சத்து 41 ஆயிரம் மக்கள் வாழ்ந்தனர். 2020 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அத்தொகை 22 இலட்சத்தைத் தாண்டியிருந்தது. அத்தனை மக்களுக்கும் வீடும் வீதியும் வேண்டும். கனரக இயந்திரங்கள் நிலத்தை மட்டமாக்கியபோது, வளைக்குள் உறங்கும் ஆமைகளை அவற்றை ஓட்டியவர்கள் காணவில்லை. எறும்பு சொன்ன அந்த 'அறியாமை' இங்கே நம் கண் முன்னால் நிற்கின்றது.

1989 ஆகஸ்ட் மாதத்தில் அந்த ஆமைக்கு அவசர ஏற்பாடாகச் சட்டப் பாதுகாப்பு அளிக்கப்பட்டது. 1990 ஏப்ரலில், அச்சுறுத்தலுக்குள்ளான இனங்களின் பட்டியலில் அது முறைப்படி சேர்க்கப்பட்டது. கட்டுமான வேலைகள் தடைப்பட்டன, வழக்குகளும் எழுந்தன. வீடு வேண்டும் என்போர் ஒருபுறமும், உயிர் வேண்டும் என்போர் மறுபுறமும் நின்றனர். இந்தப் பிணக்கைத் தீர்க்க, அந்நாட்டில் 1973 இல் இயற்றப்பட்ட அருகிவரும் உயிரினங்கள் சட்டத்தில் 1982 இல் செய்யப்பட்ட ஒரு திருத்தம் வழிகாட்டியது. வாழிடப் பாதுகாப்புத் திட்டம் என்பது அதன் பெயர். சட்டபூர்வமான ஒரு வேலையைச் செய்யும்போது நோக்கமின்றி ஓர் உயிரினத்துக்குத் தீங்கு நேருமாயின், அதனை முன்கூட்டியே கணக்கிட்டு நிவர்த்தி செய்யும் ஏற்பாடு அது.

அத்தகைய திட்டத்தைச் சமர்ப்பிப்பவர் நான்கு கேள்விகளுக்கு விடை கூற வேண்டும். எனது வேலையினால் என்ன தீங்கு நேரும்? அதனை எவ்வாறு குறைப்பேன், எவ்வாறு ஈடுசெய்வேன்? அதற்கான செலவை எங்கிருந்து பெறுவேன்? வேறு வழிகள் இருந்தனவா, அவற்றை ஏன் கைவிட்டேன்? நேயர்களே, இவை வெறும் சட்டக் கேள்விகள் அல்ல. மறுமையில் விசாரணை உண்டு என்று நம்பும் ஒருவன், அந்த நாள் வருமுன்னர் தன்னைத் தானே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகளாகும்.

கிளார்க் மாவட்டம் இவ்வழியைத் தேர்ந்தது. 2001 இல் நடைமுறைக்கு வந்த அதன் 30 ஆண்டு அனுமதி 78 இனங்களை உள்ளடக்கியது. 145,000 ஏக்கர் நிலத்தில் கட்டுமானத்துக்கு இடமளிக்கப்பட்டது. அதற்குப் பகரமாக, குழப்பப்படும் ஒவ்வோர் ஏக்கருக்கும் 550 டொலர் கட்டணம் விதிக்கப்பட்டது. நெடுஞ்சாலைகளின் ஓரங்களில் ஆமைகள் ஏறிவராதபடி வேலிகள் அமைக்கப்பட்டன. மனமுவந்து விற்க முன்வந்தோரிடமிருந்து மேய்ச்சல் உரிமைகள் வாங்கப்பட்டன. அதற்கு முன்னரே, 1995 இல், போல்டர் நகருக்குரிய 85,000 ஏக்கருக்கும் மேற்பட்ட பாலை நிலம், கட்டடங்கள் எழாத பாதுகாப்பு நிலமாக ஒப்பந்தம் செய்யப்பட்டிருந்தது.

இதனைக் கேட்டவுடன் எல்லாம் சீராகிவிட்டது என்று எண்ணிவிடலாகாது. 2004 முதல் 2014 வரை மேற்கொள்ளப்பட்ட கணிப்புகளில், மொஹாவி ஆமைகளின் ஐந்து மீட்சி வலயங்களுள் நான்கில் அவற்றின் அடர்த்தி குறைந்தே சென்றது. நகரம் தன் எல்லைக்குள் நின்றாலும், அதன் குப்பை நிற்பதில்லை. குப்பையையும் கசியும் நீரையும் நாடிப் பெருகிய அண்டங்காக்கைகள், ஓடு இறுகாத ஆமைக் குஞ்சுகளைக் கொத்தித் தின்னுகின்றன. மின்கம்பங்கள் அவற்றுக்குக் கூடு கட்ட இடமளிக்கின்றன. அந்நியப் புல்லினங்கள் பரவியதால், முன்பு தீயை அதிகம் அறியாத பாலைவனம் இன்று பற்றி எரிகின்றது. ஆகவே, கட்டணத்தைச் செலுத்திவிட்டேன், என் பொறுப்பு நீங்கிவிட்டது என்று ஒருவர் சொல்ல முடியாது. பணம் நிலத்தை வாங்கலாம். 15 ஆண்டுகள் காத்திருந்து பருவமடையும் ஓர் உயிரை உடனே வாங்கித் தராது.

அன்பின் இளைஞர்களே! நிலத்தில் ஒரு பகுதியை ஒதுக்கிப் பாதுகாக்கும் இந்தச் சிந்தனை மேலைநாட்டிலிருந்து நமக்கு வந்ததென்று எண்ணாதீர்கள். பாலைவனத்தில் பிறந்த நமது மார்க்கத்திலே இதற்கு 'ஹிமா' என்று பெயருண்டு. இஸ்லாத்துக்கு முன்னர், பலம் படைத்த தலைவன் ஒருவன் மேட்டு நிலத்தில் தனது நாயைக் குரைக்கச் செய்து, அச்சத்தம் எட்டும் தூரம் வரையுள்ள மேய்ச்சல் நிலத்தைத் தனக்கே உரியதாக்கிக் கொள்வான் என அறிஞர்கள் குறிப்பிட்டுள்ளனர். நபி (ஸல்) அவர்கள் இத்தகைய சுயநல ஹிமாக்களை ஒழித்து, ஒதுக்கப்படும் நிலம் அல்லாஹ்வுக்கும் அவனது தூதருக்கும் உரியதாக, அதாவது பொது நலனுக்கானதாக மட்டுமே இருக்க வேண்டும் என நெறிப்படுத்தினார்கள். மதீனாவின் இரு கருங்கற்பரப்புகளுக்கு இடைப்பட்ட பகுதியைப் புனித எல்லையாக்கி, அங்கே மரம் வெட்டுவதையும் வேட்டையாடுவதையும் தடுத்தார்கள்.

உமர் (ரழி) அவர்கள் ஒரு ஹிமாவுக்கு ஹுனை என்பவரைப் பொறுப்பாக நியமித்தபோது கூறிய அறிவுரை ஸஹீஹுல் புஹாரியில் பதிவாகியுள்ளது. சில ஒட்டகங்களையும் சில ஆடுகளையும் மட்டுமே உடைய ஏழைகளை உள்ளே விடுமாறும், செல்வந்தர்களான இப்னு அவ்ப், இப்னு அப்பான் (ரழி) ஆகியோரின் மந்தைகள் விடயத்தில் கண்டிப்பாக இருக்குமாறும் அன்னார் பணித்தார்கள். செல்வந்தரின் கால்நடைகள் அழிந்தால் அவர்களுக்குத் தோட்டமும் விளைநிலமும் இருக்கின்றன. ஏழையின் கால்நடைகள் அழிந்தால் அவன் பிள்ளைகளோடு வந்து நிற்பான் என்பது அன்னார் காட்டிய காரணம். பாதுகாப்பின் சுமை எளியவன் தலையில் விழலாகாது என்பதே இதன் படிப்பினை. நகரத்தின் விரிவால் இலாபம் அடைபவரே அதன் இழப்பையும் ஏற்க வேண்டும்.

ஆனால் நேயர்களே, எல்லை வரைவது எளிது. அதனைக் காப்பதே கடினம். அரபு மண்ணின் அழகிய விலங்கான அரேபிய ஓரிக்ஸ் எனும் வெண்ணிற மான், 1972 இல் காட்டு நிலையில் முற்றாக அழிந்து போனது. வளர்ப்பிடங்களில் எஞ்சியவற்றிலிருந்து பெருக்கப்பட்ட மான்கள் 1982 இல் ஓமான் நாட்டின் ஜித்தத் அல் ஹராஸீஸ் பாலைவெளியில் மீண்டும் விடப்பட்டன. 1994 இல் அவ்விடம் உலக மரபுரிமைத் தலமானது. 1996 இல் சுமார் 450 மான்கள் அங்கு திரிந்தன. பின்னர் கள்ள வேட்டை பெருகியது. எண்ணெய் அகழ்வை முன்னிட்டுப் பாதுகாப்பு நிலத்தின் 90 சதவீதம் விடுவிக்கப்பட்டது. 2007 இல் சுமார் 65 மான்களே எஞ்சியிருந்தன. அவ்வாண்டில், உலக மரபுரிமைப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்ட முதலாவது தலம் என்ற பெயரை அது பெற்றது. ஹிமா எனும் சொல்லை உலகுக்குத் தந்த மண்ணில் இது நிகழ்ந்தது என்பது நம்மைச் சிந்திக்க வைக்க வேண்டும்.

இத்தகைய தடுமாற்றம் அமெரிக்காவிலும் உண்டு. யூட்டா மாநிலத்தின் வாஷிங்டன் மாவட்டத்தில், வேறிடங்களில் கட்டுவதற்கு அனுமதி பெற்றுக்கொண்டு, அதற்குப் பகரமாக 1996 இல் சுமார் 62,000 ஏக்கர் நிலம் ஆமைகளுக்கென ஒதுக்கப்பட்டது. அந்த ஒதுக்கிடத்தின் ஊடாகவே ஒரு நெடுஞ்சாலை அமைக்க 2021 ஜனவரியில் அனுமதி வழங்கப்பட்டது. வழக்கு எழுந்தது, 2024 டிசம்பரில் அந்த அனுமதி விலக்கப்பட்டது, அதன் பின்னரும் அவ்வீதிக்கான முயற்சி ஓயவில்லை. ஒப்பந்தத்தின் பயனை அனுபவித்துவிட்டு அதன் நிபந்தனையை மீறலாமா? ஸூரதுல் மாஇதாவின் முதலாவது வசனம் முஃமின்களை உடன்படிக்கைகளை நிறைவேற்றுமாறு பணிக்கின்றது. பேசத் தெரியாத உயிர்களின் பெயரால் செய்யப்பட்ட உடன்படிக்கையும் உடன்படிக்கையே. அதனை மீறினால் அவை முறையிடப் போவதில்லை. ஆனால் அவற்றைப் படைத்தவன் பார்த்துக் கொண்டிருக்கின்றான்.

பூனை ஒன்றைக் கட்டி வைத்த பெண்ணைப் பற்றிய நபிமொழியை நாம் சிறு வயது முதலே கேட்டு வருகின்றோம். அவளது குற்றம் என்ன? தானும் உணவளிக்கவில்லை, பூமியிலுள்ளவற்றைத் தேடி உண்ண அதனை விடவுமில்லை. சுற்றிலும் மதிலும் வீதியும் எழுப்பி, இரை தேடும் வழியனைத்தையும் அடைத்துவிட்டு, உயிரினத்தை நாம் கொல்லவில்லை என்று கூறும் நகரத்துக்கு இந்த நபிமொழியில் எச்சரிக்கை இல்லையா?

பெற்றோர்களே! நம்மில் எத்தனையோ குடும்பங்களின் அடுப்பு, வளைகுடா நகரங்களில் உழைக்கும் பிள்ளைகளின் வியர்வையினால் எரிகின்றது. அந்நகரங்கள் பாலைவனத்தின் மீதே எழுந்து நிற்கின்றன. அங்கும் நல்ல முயற்சிகள் உண்டு. துபாய் தனது நிலப்பரப்பில் ஏறத்தாழ 5 சதவீதத்தை, 225 சதுர கிலோமீற்றரை, 2003 இல் பாலைவனப் பாதுகாப்பு ஒதுக்கிடமாக்கியது. ஓரிக்ஸ் மான்கள் இன்று அங்கே உலாவுகின்றன. நாளை நமது பிள்ளைகளில் ஒருவன் நில அளவையாளனாக, பொறியியலாளனாக, இயந்திரம் ஓட்டுபவனாக அத்தகைய ஒரு நிலத்தில் கால் வைக்கக் கூடும். அன்று அவன் வேலையைத் தொடங்குமுன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இங்கே ஏற்கெனவே குடியிருப்பவர் யார்? அந்தக் கேள்வியைக் கேட்கும் பழக்கம் பல்கலைக்கழகத்தில் திடீரெனத் தோன்றாது. முற்றத்து மரத்திலுள்ள கூட்டைக் கலைக்க ஓங்கும் சிறு கையைத் தடுத்து, குஞ்சுகளை இழந்து தவித்த தாய்ப் பறவையிடம் அவற்றைத் திருப்பிக் கொடுக்குமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்ததை எடுத்துச் சொல்லும் வீட்டிலேயே அது முளைக்கும்.

நேயர்களே! கட்டுவதைக் கைவிடுமாறு மார்க்கம் நம்மைப் பணிக்கவில்லை. முதலில் அறிந்துகொள், பின்னர் எல்லையிடு, இட்ட எல்லையைக் காத்துக்கொள் என்பதே அது காட்டும் வழி. எறும்பின் எச்சரிக்கை நமது காதுக்கும் எட்டிவிட்டது. இனி, நாம் அறியவில்லை என்று கூற நமக்கு வழியில்லை.

யா அல்லாஹ்! நீ அளித்த அருட்கொடைகளுக்கு நன்றி செலுத்துவோராகவும், நீ ஒப்படைத்த பூமியின் அமானிதத்தைப் பேணுவோராகவும், உனது படைப்புகளின் மீது இரக்கம் காட்டுவோராகவும் எங்களையும் எங்கள் சந்ததியினரையும் ஆக்கியருள்வாயாக! ஆமீன்.