நடிகனுக்கு ஒரு பயிற்சிக்கூடம்

சங்கீத வித்துவானுக்குச் சாதகம் உண்டு. பரதம் பயில்வோருக்கு அடவு உண்டு. கூத்தாடுவோருக்கு அண்ணாவியாரின் களரி உண்டு. ஆனால், வசன நாடகத்தில் நடிக்கும் நடிகன் எங்கே சென்று சாதகம் செய்வான்? ஒத்திகை இருக்கின்றதே என நேயர்கள் கூறக்கூடும். ஒத்திகை நாடகத்தைச் சீர்செய்வதற்காக நடைபெறுவது. அரங்கேற்றத்துக்குக் குறித்த நாள் நெருங்கி வருகையில், நடிகனின் குறைகளை ஒவ்வொன்றாகக் களைவதற்கு அங்கே நேரம் கிடைப்பதில்லை. நாடகம் ஒத்திகையால் வளரும். நடிகன் வளர்வதற்கு வேறோர் இடம் வேண்டும். அந்த இடத்துக்கே மேல்நாட்டார் ‘ஸ்ரூடியோ’ என்று பெயரிட்டனர். ஓவியன் தனித்திருந்து எழுதியும் அழித்தும் பழகும் அறைக்கு வழங்கிய சொல் அது. தமிழில் அதனைப் பயிற்சிக்கூடம் எனலாம்.

இத்தகைய கூடமொன்றின் தேவையை ஆழ உணர்ந்தவர் ருஷ்ய நாடகப் பேராசான் கொன்ஸ்தந்தின் ஸ்தனிஸ்லவ்ஸ்கி. அவரும் நெமிரோவிச் தன்சென்கோவும் சேர்ந்து 1898 ஆம் ஆண்டிலே மொஸ்கோ கலை அரங்கை நிறுவினர். அன்ரன் செக்கோவின் நாடகங்கள் அம்மேடையிலே பெரும் புகழ் பெற்றன. புகழின் உச்சியில் இருந்த வேளையிலேதான் ஸ்தனிஸ்லவ்ஸ்கிக்கு ஒரு பெரும் மனக்குறை உண்டாயிற்று. 1906 ஆம் ஆண்டுக் கோடையில் அவர் ஓய்வு நாடிப் பின்லாந்துக்குச் சென்றிருந்தார். இப்சனின் நாடகமொன்றில் தாம் ஏற்று நடித்த டாக்டர் ஸ்ரொக்மன் என்னும் பாத்திரத்தை அங்கே எண்ணிப் பார்த்தார். நடையும் கையசைவும் முன்போலவே இருந்தன. அவற்றைத் தோற்றுவித்த உணர்வோ எங்கோ மறைந்துவிட்டது. கூடு இருந்தது, உயிர் இல்லை. உயிர்த்துடிப்பை வேண்டும்போது வருவிக்க நடிகனுக்கு வழி ஏதும் உண்டா? இக்கேள்விக்கு விடை தேடுவதிலேயே அவருடைய எஞ்சிய வாழ்நாள் கழிந்தது.

தாம் கண்ட வழிகளை அவர் முதலிலே தம் அரங்கின் மூத்த நடிகர்களிடம் கூறினார். அவர்கள் அவற்றை விரும்பி ஏற்கவில்லை. மாலைதோறும் சீட்டு வாங்கி வருவோரை மகிழ்விக்க வேண்டிய அரங்கிலே பரிசோதனைக்கு இடம் ஏது? அதற்கு முன்னரே, 1905 ஆம் ஆண்டில், மெயர்ஹோல்ட் என்னும் இளம் நெறியாளருடன் சேர்ந்து பொவர்ஸ்கயா வீதியிலே ஒரு பயிற்சிக்கூடத்தை ஸ்தனிஸ்லவ்ஸ்கி தம் சொந்தச் செலவில் தொடங்கியிருந்தார். பொதுமக்களுக்கு ஒரு நாடகத்தையேனும் காட்டாமல் அது மூடப்பட்டது. எனினும் அவர் மனந்தளரவில்லை. 1912 ஆம் ஆண்டிலே இளைஞர் சிலரைச் சேர்த்து மீண்டும் ஒரு கூடத்தைத் திறந்தார். ‘முதலாம் ஸ்ரூடியோ’ என நாடக வரலாறு போற்றுவது இதனையே.

அக்கூடத்தை நடத்தும் பொறுப்பு லியோபோல்ட் சுலெர்ஷித்ஸ்கி என்பவரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர் தால்ஸ்தாயின் அன்பர், கப்பலோட்டியாகவும் இருந்தவர், படையிற் சேர மறுத்துத் தண்டனை அனுபவித்தவர், சமயக் கொள்கைக்காகத் துன்புறுத்தப்பட்ட துகொபோர் என்னும் ருஷ்யக் குடியானவர்களைக் கனடாவுக்கு அழைத்துச் சென்று குடியேற்றத் துணைநின்றவர். நல்ல மனிதனே நல்ல நடிகனாக முடியும் என்பது அவர் கொள்கை. கருங்கடற்கரையில், எவ்பத்தோரியா என்னும் ஊரருகே, கோடைக் காலங்களில் மாணவர் ஒன்றுகூடி நிலத்தைப் பண்படுத்தினர், கல் சுமந்தனர், ஒருங்கே சமைத்து உண்டனர்.

வகுப்புகளில் நடைபெற்றவை யாவை? முதலாவது, உடலின் இறுக்கத்தைத் தளர்த்துதல். தோளும் கழுத்தும் இறுகியிருப்பவனிடத்தில் உணர்வு தங்காது. இரண்டாவது, கவனத்தை ஒருமுகப்படுத்துதல். சபையை மறந்து, தன்னைச் சுற்றி ஒரு சிறு வட்டத்தை மனத்திலே வரைந்து, அதற்குள் நிற்க மாணவன் பழகினான். மூன்றாவது, கற்பனை. ‘இந்நிலைமையில் நான் இருந்தால் என்ன செய்வேன்?’ எனத் தன்னையே வினவுதல். நான்காவது, தன் வாழ்வில் முன்பு பட்ட இன்ப துன்பங்களை நினைவிலிருந்து மீட்டெடுத்தல். கீழைத்தேயத்தவர் அறிந்து மகிழத்தக்க செய்தியொன்றும் இங்குண்டு. இராமசாரக யோகி என்னும் புனைபெயரில் அமெரிக்கர் ஒருவர் எழுதிய யோக நூல்கள் ருஷ்ய மொழியிற் பெயர்க்கப்பட்டிருந்தன. அவற்றின் வாயிலாக மூச்சுப் பயிற்சியும், ‘பிராணன்’ என்ற சொல்லுங்கூட அக்கூடத்து வகுப்புகளிற் புகுந்தன.

பயின்றதைச் சோதிக்க மேடையும் வேண்டும் அல்லவா? 1913 ஆம் ஆண்டிலே, ஒல்லாந்து நாடகாசிரியர் ஹெயர்மன்ஸ் எழுதிய ‘நன்னம்பிக்கைக் கப்பலின் அழிவு’ என்னும் நாடகத்தை மாணவர் நடித்துக் காட்டினர். உக்கிப்போன கப்பலிலே மீனவரைக் கடலுக்கு அனுப்பும் முதலாளியின் கதை அது. நெறிப்படுத்தியவர் பொலெஸ்லவ்ஸ்கி என்னும் இளைஞர். மறு ஆண்டு, முதலாம் உலகப்போர் மூண்ட சில மாதங்களில், சார்ள்ஸ் டிக்கன்ஸ் எழுதிய ‘அடுப்படிச் சிள்வண்டு’ என்னும் கதை நாடகமாக அரங்கேறியது. பொம்மை செய்யும் ஏழைக் கிழவனாக மிக்கையில் செக்கோவும், ஈரமற்ற வணிகனாக வக்தாங்கோவும் நடித்தனர். சிறிய மண்டபம், உயர்ந்த மேடை இல்லை, முன்வரிசையில் இருந்தோருக்கும் நடிகருக்கும் இடையே சில அடிகளே இருந்தன. அங்கே பொய்யாகக் கண்ணீர் விட இயலாது. போர்க்காலத்திலே அன்பையும் இல்லறத்தையும் பேசிய அந்நாடகத்தைக் காண மொஸ்கோ நகரமே திரண்டது.

இந்த வெற்றியிலேதான் இக்கூடத்தின் சோதனையும் தொடங்கிற்று. கூட்டம் பெருகப் பெருக ஆட்டங்களும் பெருகின. ஆட்டங்கள் பெருகவே, பிழைவிட்டுப் பழகுவதற்கென்று திறந்த கூடம், பிழைவிட அஞ்சும் அரங்காக மெல்ல மாறியது. 1916 ஆம் ஆண்டின் இறுதியிலே சுலெர்ஷித்ஸ்கி காலமானார். 1922 ஆம் ஆண்டில் வக்தாங்கோவ் தமது 39 ஆவது வயதில் மறைந்தார். 1924 ஆம் ஆண்டிலே முதலாம் ஸ்ரூடியோ, ‘இரண்டாம் மொஸ்கோ கலை அரங்கு’ என்னும் முழு அரங்காகப் பெயர் மாற்றம் பெற்றது. மிக்கையில் செக்கோவ் 1928 இல் நாட்டைவிட்டு நீங்கினார். 1936 ஆம் ஆண்டிலே சோவியத் அரசின் ஆணையால் அவ்வரங்கு மூடப்பட்டது.

அரங்கு மறைந்தாலும் வகுப்பு மறையவில்லை. பொலெஸ்லவ்ஸ்கி முன்னரே அமெரிக்கா சென்று, மரியா உஸ்பென்ஸ்கயா என்னும் நடிகையின் துணையுடன் 1923 ஆம் ஆண்டிலே நியூயோர்க்கில் ‘அமெரிக்க ஆய்வுக்கூட அரங்கு’ என்னும் பள்ளியை நடத்தத் தொடங்கியிருந்தார். அங்கே பயின்ற லீ ஸ்ராஸ்பேர்க் முதலியோர் 1931 இல் ‘குழு அரங்கு’ என்னும் நாடக சபையை அமைத்தனர். பத்தாண்டுகளில் அதுவும் கலைந்தது. அதில் இருந்த எலியா கசான், செரில் குரோபோர்ட், ரொபேட் லூயிஸ் ஆகிய மூவரும் 1947 ஆம் ஆண்டிலே ‘நடிகர் ஸ்ரூடியோ’வைத் தொடங்கினர். சிறிது காலத்தின் பின் ஸ்ராஸ்பேர்க் அதன் தலைமை ஆசானானார்.

இக்கூடத்தின் ஒழுங்குகள் கருதத்தக்கவை. தேர்விற் சித்தியெய்தியோர் மட்டுமே உறுப்பினராவர், ஒருமுறை சேர்ந்தவர் ஆயுள் முழுவதும் உறுப்பினர், கட்டணம் இல்லை. நடிகர் மட்டுமன்றி நாடகாசிரியரும் நெறியாளரும் அங்கே ஒன்றுகூடித் தம் முயற்சிகளைச் சோதித்தனர். 1955 ஆம் ஆண்டு முதல் அதன் இருப்பிடம் நாற்பத்துநான்காம் வீதியில் உள்ள பழைய தேவாலயக் கட்டடமாகும். வெளியே பெரும் புகழ் பெற்ற நடிகரும் உள்ளே வந்து, சக நடிகர் முன்னிலையில் ஒரு காட்சியை நடித்துக் காட்டுவார். முடிந்ததும் கைதட்டலை எதிர்பார்ப்பதில்லை. தாம் எதனைப் பழக முயன்றார் என்பதை அவரே கூறுவார். அம்முயற்சி கைகூடிற்றா என்பதை ஏனையோர் ஆராய்வர்.

அங்கும் மேடையின் கவர்ச்சி ஒருமுறை வென்றது. 1963 ஆம் ஆண்டிலே அக்கூடத்தார் தம் பெயரில் பொது நாடகங்களைத் தயாரிக்க முற்பட்டனர். 1965 இல் அன்ரன் செக்கோவின் ‘மூன்று சகோதரிகள்’ நாடகத்தை இலண்டனுக்குக் கொண்டு சென்றனர். அந்நகரத்து விமர்சகர்கள் அதனைக் கடுமையாகக் கண்டித்தனர். நாடகத் தயாரிப்பு நின்றது. வாரந்தோறும் கூடும் வகுப்போ தொடர்ந்தது.

இவ்வரலாற்றிலிருந்து பெறப்படும் பாடம், பயிற்சிக்கூடத்திலே நாடகம் ஆடலாகாது என்பதன்று. சபையைக் காணாத நடிகன் கரையிலே நீந்தக் கற்பவனை ஒப்பான். ஆயினும், ஆடிய நாடகம் எத்துணைச் சிறப்புற்றாலும் திரை விழுந்ததும் முடிந்துவிடுகிறது. மொஸ்கோவில் டிக்கன்ஸின் கதையைக் கண்டு கண்ணீர் வடித்தவர்கள் மறைந்துவிட்டனர். அதே கூடத்தில் இளைஞர் சிலர் தோள்களைத் தளர்த்தி, கண்ணை மூடி, ‘நான் இந்நிலைமையில் இருந்தால்’ என்று தம்மையே வினவிய பயிற்சி, கடல்களைக் கடந்து இன்றும் வாழ்கின்றது. ஆகவே, நாடக மன்றம் அமைக்க முற்படுவோர் விழாவுக்கும் காட்சிக்கும் நாள் குறிப்பதோடு அமையாது, கைதட்டலுக்கு இடமில்லாத ஒரு வகுப்புக்கும் வாரத்தில் ஒரு மாலையை ஒதுக்கி வைப்பார்களாக.