பொறுப்பே பயிற்சி

(சங்க ஆண்டு விழாவையொட்டி நடைபெற்ற வாலிபர் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



வாலிபர்களின் தொழிலும் தலைமையும் என்னும் பொருள்பற்றிச் சில வார்த்தைகள் பேசுமாறு நம் காரியதரிசி அவர்கள் பணித்தார்கள். இப்பொருள் நம் மேடைகளில் ஆண்டுதோறும் பேசப்பட்டே வருகின்றது. ‘விழித்தெழுங்கள், வியாபாரம் செய்யுங்கள், பிறரிடம் கைகட்டி நில்லாதீர்கள்’ என்று முழங்கி, மாலை சூடி, வீடு திரும்புகின்றோம். மறுநாட் காலையில் அவ்வாலிபன் யாரிடம் சென்று, எதைக் கற்று, எந்த முதலைக்கொண்டு தொடங்குவது என்பதைச் சொல்வார் ஒருவரும் இலர். நீச்சலின் பெருமையைக் கரையில் நின்று கேட்டவன் நீந்தக் கற்கமாட்டான். ஆதலின் இன்று உபதேசத்தை ஒருபுறம் வைத்து, நம் நாட்டிலேயே நடந்து பயன்தந்த ஒரு முறையை எடுத்துரைத்து, அதில் கொள்ளத்தக்கது எது, தள்ளத்தக்கது எது என்று ஆராய விரும்புகின்றேன்.

செட்டிநாட்டு நகரத்தார் பர்மா, இலங்கை, மலேயா முதலிய நாடுகளில் லேவாதேவித் தொழில் நடத்தியதை யாவரும் அறிவோம். அவர்கள் ஈட்டிய பொருளைப் பற்றி வியந்து பேசுவோர் பலர்; அப்பொருளை ஈட்டும் ஆட்களை அவர்கள் எவ்வாறு ஆக்கினர் என்று கேட்போர் சிலரே. சிறுவன் முதலில் எண்சுவடி கற்பான். முந்நூற்றிருபதில் ஒரு பங்காகிய முந்திரி வரையில் பின்னக் கணக்கை மனத்தாலேயே போடப் பழகுவான். பிறகு ஒரு கடையிற் பெட்டியடிப் பையனாக அமர்வான். ஏவல் செய்வதும், வருவோர் போவோரைக் கவனிப்பதும், வரவு செலவு எழுதுவோரின் பக்கத்திலிருந்து பார்ப்பதுமே அவன் பாடம். அதில் தேறினவன் அடுத்தாள் ஆவான். கணக்கெழுதுதல், தவணை வசூலித்தல், கடன் கேட்பவனின் நாணயத்தை மதிப்பிடுதல் எல்லாம் அந்நிலையிற் கைவரும். அதன்மேல் மேலாள் ஆகி, முதலாளியின் அதிகாரப் பத்திரம் பெற்று, கடல் கடந்த ஊரில் ஒரு கடையையே தன் பொறுப்பில் நடத்துவான். மேலாளுக்குத் தவணை பெரும்பாலும் மூன்று ஆண்டு. சம்பளத்தோடு, தவணை முடிவில் இலாபத்தில் ஒரு பங்கு வெகுமதியும் உண்டு. சேர்த்த பொருளைக்கொண்டு அவனே பின்னர் முதலாளியாகவும் கூடும்.

முருகப்பா குழுமத்தைத் தோற்றுவித்த திவான் பகதூர் அ. மு. முருகப்ப செட்டியார் 1898இல், பதினான்காம் வயதில், தம் குடும்பத்தார் கடையிற் பழகுவதற்குப் பர்மாவுக்குச் சென்றவர். 1900இல் மோல்மேனில் தொழில் தொடங்கினார். அவ்வழி வந்தோர் போருக்கு முன்னரே தாய்நாட்டுக்கு முதலைத் திருப்பி, 1949இல் சென்னையை அடுத்த அம்பத்தூரில் சைக்கிள் தொழிற்சாலை நிறுவினர். வட்டித் தொழில் எங்கே, இயந்திரத் தொழில் எங்கே! தொழில் மாறியபோதும் ஆளை அறிதல், கணக்கை அறிதல், காலத்தை அறிதல் என்னும் பயிற்சி துணைநின்றது.

இம்முறையின் உயிர்நிலை யாது? பொறுப்பைப் படிப்படியாக ஏற்றியதும், ஒவ்வொரு படியிலும் கணக்குக் கேட்டதுமேயாம். முதலாளி காரைக்குடியிலோ தேவகோட்டையிலோ இருப்பார். அவர் பணமோ ரங்கூனில் ஓர் இளைஞனின் கையில் இருக்கும். குறித்த காலத்தில் ஐந்தொகை வந்து சேரவேண்டும். அதைப் படித்தே முதலாளி கடையின் நிலையை அறிவார். நம்பிக்கையும் சோதனையும் ஒன்றையொன்று தாங்கி நின்றன. மேலும், போட்டிக் கடைக்காரர்களே ஊர்க் கோயிலில் ஒன்றுகூடி நடப்பு வட்டியை நிர்ணயித்தனர். தன் இலாபத்தை நாடுபவன் பொதுக்காரியத்திற்கு இணங்கி நடக்கக் கற்பதும் தலைமைப் பயிற்சியேயன்றோ?

ஆயினும் அம்முறையில் குறையில்லை என்று சொல்லேன். பெண்மக்களுக்கு அதில் இடமில்லை. படிக்கவேண்டிய பருவத்திலேயே சிறுவர் தாய் தந்தையரைப் பிரிந்தனர். இவற்றினும் பெரிய குறையொன்றைப் பர்மாவின் சரித்திரம் காட்டுகின்றது. 1930இல் நெல் விலை வீழ்ந்தது. கடன்பட்ட குடியானவர்களின் நிலங்கள் கடைகளின் கைக்கு வந்தன. கீழ்ப்பர்மாவின் முக்கிய நெல் ஜில்லாக்களில் அவ்வாண்டு நூற்றுக்கு ஆறு பங்களவாயிருந்த அந்நிலம், 1938க்குள் ஏறத்தாழ இருபத்தைந்து பங்காயிற்று. விலை வீழ்ச்சி அவர்கள் செய்ததன்று. நிலத்தை அவர்கள் விரும்பித் தேடியதுமன்று. எனினும் நிலமிழந்தவனின் மனக்கசப்பு வளர்ந்தது. 1942இல் ஜப்பானியர் படையெடுப்பின்போது பலர் எல்லாவற்றையும் விட்டு ஓடிவர நேர்ந்தது. சுதந்தர பர்மா 1948இல் நிலங்களைத் தேசவுடைமையாக்கச் சட்டம் செய்தது. முதலாளியின் பணத்தைக் காக்கக் கற்றவன், தன்னிடம் வருபவனும் பிழைத்திருக்கவேண்டும் என்பதையும் கற்றாலன்றி அவன் தேட்டம் நிலைக்காது. நம் வாலிபர்களுக்கு இப்பாடமும் வேண்டும்.

இனி நம் சங்கத்தின் நிலைக்கு வருவோம். மதிப்பெண் பெற்றவர்க்குப் பரிசு வழங்குகின்றோம். உபகாரச் சம்பளமும் கொடுக்கின்றோம். அவை நன்றே. ஆனால் பட்டம் பெற்றுத் திரும்பிய பிள்ளைக்கு இங்கே என்ன வேலை வைத்திருக்கின்றோம்? விழாவிற் பந்திக்கு இலை போடுவதும் நாற்காலி எடுத்து வைப்பதுந்தாமே! நிர்வாகத்தில் அமர்ந்தவர் எழுவதில்லை; எழுந்தாலும் தம் பிள்ளையை அமர்த்திவிட்டே எழுகின்றார். இதைப் பார்த்திருக்கும் வாலிபன் சங்கத்தை விட்டு விலகுவதில் வியப்பென்ன?

ஆகவே மூன்று காரியங்களைப் பணிவுடன் வேண்டுகின்றேன். முதலாவது, நம்மில் கடையோ, பட்டறையோ, அச்சகமோ நடத்துவோர் ஒவ்வொருவரும் பள்ளிப் படிப்பு முடித்த ஒருவரையேனும், ஆணாயினும் பெண்ணாயினும், தொழில் பழக ஏற்கவேண்டும். காலம் இவ்வளவு, உதவித்தொகை இவ்வளவு, கற்பிப்பது இன்னது என்று எழுத்திலே இருத்தல் வேண்டும். 1961ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டம் இதற்கு வழி வகுத்திருக்கின்றது. கற்பிப்பதாகச் சொல்லிக் கூலியில்லா வேலை வாங்குதல் நமக்கு அடாது.

இரண்டாவது, கல்வி நிதியில் ஒரு பகுதியைத் தொழில் தொடங்குவோர்க்குச் சிறு கடனாக ஒதுக்கவேண்டும். சொந்த வீட்டுப் பத்திரத்தை அடகாகக் கேட்டால் ஏழை வாலிபன் எங்கே போவான்? மாதக் கணக்கை ஒழுங்காகக் காட்டுவதே அவனுக்கு ஈடாகுக. நேர்மையாக நடத்தி நட்டமடைந்தவனுக்கு இரண்டாம் முறையும் கைகொடுக்கவேண்டும். கணக்கை மறைத்தவனுக்கு ஒரு காசும் வேண்டா.

மூன்றாவது, நம் கல்யாண மண்டபத்தையும் மாணவர் விடுதியையும் நடத்தும் பொறுப்பை முப்பது வயதுக்குட்பட்ட ஆண் பெண் இருபாலாரும் அடங்கிய குழுவிடம் மூன்றாண்டுத் தவணைக்கு ஒப்படைக்கவேண்டும். அவர்கள் ஆண்டுதோறும் ஐந்தொகையை இப்பேரவையில் படிக்கட்டும். நாம் கேள்வி கேட்போம்.

‘அனுபவமில்லாதவரிடம் பொதுப்பணத்தைக் கொடுக்கலாமா?’ என்று பெரியோர் சிலர் ஐயுறலாம். அவ்வையம் நியாயமானதே. ஆயினும் கடல் கடந்த கடையைக் காத்தது மேலாளின் நரையன்று. தவறாமல் வந்த கணக்கும், தவணை முடிந்ததும் பொறுப்பைத் திருப்பித்தரும் ஒழுங்குமேயாம். அவ்விரண்டும் இல்லாவிடத்து முதியவர் கையிலும் பொதுப்பணம் பத்திரமாயிராது.

வாலிப அன்பர்களே! உங்களுக்கும் ஒரு சொல். பொறுப்பு வரும்போது அதனுடன் கேள்வியும் வரும். கணக்குக் கேட்பவரைப் பகைவராக எண்ணாதீர்கள். பெட்டியடியில் அமர வெட்கப்படுபவன் மேலாளாவதில்லை.

நான் வேண்டிய மூன்றில் ஒன்றையேனும் இக்கூட்டத்திலேயே தீர்மானமாக நிறைவேற்றிக் கலையவேண்டுமென்று கேட்டுக்கொள்கின்றேன்.