நம் குரலும் பிறர் காதும்

(கழகத்தின் வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)

 

வெள்ளி விழா மேடையில் கல்வியின் சிறப்பைப் பேசுவது மரபு. அதனைப் பேசுதற்கு அறிஞர் பலர் வந்துள்ளனர். ஆகவே நாம் ஒரு சிறிய பொருளை எடுத்துக்கொண்டோம். ஒருவர் வாய் திறந்தவுடனேயே, அவர் சொல்லும் செய்தி காதில் விழுவதற்கு முன்னரே, அவருடைய குரலைக் கொண்டு "இவர் இன்ன தரத்தினர்" என்று பிறர் முடிவு கட்டிவிடுகின்றனர் அல்லவா? அதைப் பற்றித்தான் பேசப் போகிறோம்.

நம் குப்பத்து இளைஞர் ஒருவர் சென்னையில் ஓர் அலுவலகத்திற்கு நேர்முகத் தேர்வுக்குச் சென்றார். பட்டம் பெற்றவர். கேட்ட கேள்விகளுக்கு விடையும் அறிந்தவர். மூன்றாம் கேள்விக்கு விடை கூறிக்கொண்டிருக்கும்போதே, "ஏன் தம்பி, சண்டைக்கு வருவது போலப் பேசுகிறாய்?" என்று எதிரில் இருந்தவர் கேட்டாராம். உடனிருந்தோர் சிரித்தார்களாம். அதற்குமேல் இவருக்கு நா எழவில்லை. வேலை கிடைக்காதது ஒருபுறம் இருக்கட்டும். ஊர் திரும்பியவர் எம்மிடம் வந்து, "பெரியப்பா, நான் சண்டையா போட்டேன்?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு அன்று சரியாக விடை கூற எம்மால் இயலவில்லை. இன்று கூற முயல்கிறோம்.

அவர் சண்டை போடவில்லை. ஏரிக்கரையில் வளர்ந்த குரலால் பேசினார், அவ்வளவே. பழவேற்காட்டு ஏரியில் காற்று ஓய்ந்திருக்கும் நாழிகை எத்தனை? படகிலிருந்து கரைக்கும், கரையிலிருந்து படகுக்கும் சொல் போய்ச் சேர வேண்டுமானால் அடிவயிற்றிலிருந்து குரல் எழ வேண்டும். சுற்றிலும் இரைச்சல் மிகும்போது மனிதன் தன்னை அறியாமலேயே குரலை உயர்த்துகிறான் என்பதனை 1911ஆம் ஆண்டில் பிரெஞ்சு மருத்துவர் எத்தியேன் லொம்பார்டு எடுத்துக் காட்டினார். இன்றும் அது அவர் பெயராலேயே வழங்குகிறது. குரல் உரப்பதோடு அதன் சுருதியும் ஏறுகிறது, உயிரெழுத்துகள் நீள்கின்றன. இயந்திரப் படகின் ஓசையைப் பல ஆண்டுகள் கேட்ட காது மந்தமாகும். காது மந்தமானவர் உரக்கப் பேசுவார். அவர் மடியில் வளரும் பிள்ளையும் அவ்வாறே பேசும். ஆக, குளிரூட்டிய அறையில் சினமாகக் கேட்டது, நீர்ப்பரப்பின்மேல் தெளிவுக்காக எழுந்த பழக்கமேயாகும்.

நம்மவர்க்கு இன்னொரு கதையும் உண்டு. பாடு முறையில் வலை போடும் உரிமை நம்மவர்க்கு வழிவழியாக இல்லாது போனமையால், ஆழமில்லாத நீரில் இறங்கிச் சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிப்பது நம் தொழிலாயிற்று. இரு கைகளும் நீருக்குள் இருக்கும். பிடித்த இறாலைப் போடுவதற்குப் பறியைப் பல்லால் கவ்விக்கொள்ள வேண்டும். எம் தாயார் நாள் முழுதும் அவ்வாறு நின்றதனைக் கண்டிருக்கிறோம். வாயில் பறி இருக்கும் வரையில் பேச்சு இல்லை. கரையேறிப் பறியை இறக்கிய பின்னர் வியாபாரியிடம் விலை பேசும்போது எழும் அந்தக் குரல் கொஞ்சம் உரத்துத்தான் இருக்கும். அதனையும் கேட்டு, "இந்தப் பெண்களுக்கு வாய் அதிகம்" என்று சொல்வோர் உண்டு. பறியோடு நின்ற பொழுதை அவர்கள் கணக்கில் சேர்ப்பதில்லை.

நம் பாட்டனார் காலத்தை நினைத்துப் பாருங்கள். பெரிய தெருவில் துண்டை இடுப்பில் கட்டி, கையால் வாய் பொத்தி, குனிந்து நின்று பேச வேண்டும். அன்று குரல் தாழ்ந்தால் பணிவு, உயர்ந்தால் திமிர். அதே உரத்த குரல் ஆண்டையின் வாயிலிருந்து வந்தால் அதற்குப் பெயர் அதிகாரம். ஓசை ஒன்றே, அது யார் வாயிலிருந்து வருகிறது என்பதனைப் பொறுத்து அதன் பொருள் மாறிற்று.

இது நம் நாட்டில் மட்டும் உள்ள நோயன்று. அமெரிக்காவில் ஜான் பா முதலிய மொழியறிஞர் மூவர் 1999ஆம் ஆண்டில் ஓர் ஆய்வு வெளியிட்டனர். ஒரே மனிதர் வாடகை வீடு கேட்டுத் தொலைபேசியில் மூன்று வகை உச்சரிப்பில் பேசினார்: வெள்ளையர் பேசும் பொது ஆங்கிலம், கறுப்பின மக்களின் ஆங்கிலம், மெக்சிகோ வழியினரின் ஆங்கிலம். வெள்ளையர் மிகுந்து வாழும் பகுதிகளில் பின்னைய இரு குரல்களுக்கும் "வந்து வீட்டைப் பாருங்கள்" என்னும் விடை குறைவாகவே கிடைத்தது. "ஹலோ" என்னும் ஒரே சொல்லைக் கொண்டே பேசுபவர் எந்த வகையினர் என்று பெரும்பாலும் சரியாகக் கண்டுகொள்ள முடிகிறது என்பதும் அவ்வாய்வில் தெரிந்தது.

இதைவிட எம்மை வருத்திய ஆய்வு ஒன்று உண்டு. கனடாவின் மான்ட்ரியல் நகரில் வாலஸ் லாம்பர்ட் என்னும் உளவியலறிஞரும் அவர் தோழர்களும் நடத்தி 1960ஆம் ஆண்டில் வெளியிட்டது. இரு மொழியும் நன்கறிந்த சிலரை ஒரே பகுதியை ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் படிக்கச் செய்து பதிவு செய்தனர். ஒருவரே இருமுறை படிக்கிறார் என்பதனைச் சொல்லாமல் மாணவர்களுக்குப் போட்டுக் காட்டி, படித்தவர் எத்தகையவர் என்று மதிப்பிடச் சொன்னார்கள். ஆங்கிலத்தில் கேட்டபோது அறிவாளி, நம்பத் தகுந்தவர், ஏன், உயரமானவர், அழகானவர் என்றுகூட மதிப்பெண் கிடைத்தது. அதே மனிதர் பிரெஞ்சில் பேசியபோது தாழ்ந்து போனார். ஆங்கிலேயர் அவ்வாறு மதிப்பிட்டதில் வியப்பில்லை. பிரெஞ்சு மாணவர்களும் அவ்வாறே மதிப்பிட்டனர். தம் மொழிக் குரலுக்கு ஆங்கில மாணவர்களைக் காட்டிலும் குறைவாகவே மதிப்பளித்தனர்.

இளைஞர்களே, இவ்விடத்தில் சற்று நிற்போம். கொட்டகையில் படம் பார்க்கையில், ரிக்‌ஷாக்காரரும் குப்பத்துக்காரரும் சென்னைத் தமிழ் பேசினாலே போதும், சிரிப்பு எழும். நாமும் சிரித்தோம். சிரித்தது நம்மையே பார்த்துத்தான் என்பது வெகுநாள் நமக்கு விளங்கவில்லை. இன்றைக்கும், நகரத்து விடுதியில் தங்கிப் படிக்கும் நம் பிள்ளை ஒருவர், ஊரிலிருந்து தகப்பனார் கைப்பேசியில் அழைத்தால் அறையை விட்டு வெளியே ஓடுகிறார். தகப்பனாரின் குரல் கைப்பேசியைத் தாண்டி அறை முழுதும் கேட்குமாம். நண்பர்கள் என்ன நினைப்பார்களோ என்னும் அச்சம். அவரை நாம் கடிந்துகொள்ளவில்லை. அந்த வயதில் நாமும் அவ்வாறே செய்திருப்போம். ஆயினும், தந்தை கடன் வாங்கி அனுப்பிய பணத்தை அறைக்குள் வைத்துக்கொண்டு, அவர் குரலை மட்டும் வராந்தாவில் நிறுத்திவைப்பது எந்த வகையில் நியாயம்?

அப்படியானால் குரலைப் பழக்க வேண்டாமா என்று கேட்பீர்கள். பழக்கத்தான் வேண்டும். சிறிய அறையில் நால்வர் முன் பேசும்போது ஏரிக்குப் பேசுவது போலப் பேச வேண்டியதில்லை. மூச்சை நிறுத்தி, சொல்லை முழுதாக முடித்துப் பேசக் கற்கலாம். ழகரமும் வந்தால் நல்லது. அது திறமை. பிறந்த ஊர் தெரியாதபடி குரலை மறைத்துக்கொள்வது வேறு, அது அச்சம். 1930இல் இலண்டன் வட்டமேசை மாநாட்டிற்கு நம் மக்களுக்காக அண்ணல் அம்பேத்கரோடு சென்றவர் செங்கற்பட்டுச் சீமையில் பிறந்த இரட்டைமலை சீனிவாசனார். அவர் பேசிய குரலைக் கேட்கும் பேறு நமக்கு வாய்க்கவில்லை. ஆனால் 1955இல் பி.பி.சி. வானொலிக்கு அண்ணல் அளித்த பேட்டி இன்றும் கிடைக்கிறது. கேட்டுப் பாருங்கள். நியூயார்க்கிலும் இலண்டனிலும் படித்துப் பட்டங்கள் பெற்றவர். இருந்தும் அந்த ஆங்கிலத்தில் மராத்திய மண்ணின் சாயல் இருக்கிறது. கேள்வி கேட்பவருக்காக அவர் குரலைக் குழைக்கவில்லை. முதற்பொருளாக அவர் குரலையும் உச்சரிப்பையும் கவனித்தவர்கள்கூடச் சிறிது நேரத்தில் அவர் வாதத்தைத்தான் கேட்டாக வேண்டியிருக்கிறது.

நேர்முகத் தேர்வுக்குச் சென்ற அந்தத் தம்பியிடம் இவை அனைத்தையும் கூறினோம். "இதையெல்லாம் அந்த அலுவலகத்துக்காரரிடம் யார் சொல்வது?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அதற்கு எம்மிடம் விடை இல்லை. மீண்டும் ஒரு தேர்வுக்கு விண்ணப்பித்திருக்கிறார். மாலைதோறும் கழகத்து அறையில் செய்தித்தாளை உரக்கப் படித்துப் பழகுகிறார்; சிறுவர் நால்வர் உடன் அமர்ந்து படிக்கின்றனர்.

அடுத்த மாதக் கூட்டத்தில் சொற்பொழிவாளர் எவரையும் அழைக்கவில்லை. நாற்பது ஆண்டுகளாக இறால் பிடிக்கும் தாயார் ஒருவர் ஏரியைப் பற்றிப் பேச இசைந்துள்ளார். விடுதிப் பிள்ளைகள் அனைவரும் வந்து முன்வரிசையில் அமருமாறு வேண்டுகிறோம். ஒலிபெருக்கி வாடகைக்கு எடுக்கலாமா என்று அவரிடம் கேட்டோம். அந்தச் செலவு வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.