நீரிழிவும் ஏழையின் இல்லமும்



 

நீரிழிவைப் 'பணக்கார வியாதி' என்று நம் பெரியவர்கள் சொல்லி வந்தனர். உழைத்து உண்பவரை அது அண்டாது என்பது அவர்கள் எண்ணம். கிராமங்களைப் பொறுத்தவரை அக்கூற்றில் இன்றும் உண்மை உண்டு. ஆனால், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் 15 மாநிலங்களில் நடைபெற்று 2017இல் வெளியான ஆய்வு, சண்டிகர் நகரத்தில் வறியோரில் 26.9 விழுக்காட்டினருக்கும், வசதி படைத்தோரில் 12.9 விழுக்காட்டினருக்கும் இந்நோய் இருப்பதாகக் கூறுகிறது. தமிழக நகரங்களில் வறியோர் 15.5, வசதியுள்ளோர் 14.5. வேறுபாடு சிறிதுதான், எனினும் பழைய கணக்கு தலைகீழாகிவிட்டது.

'வாயைக் கட்டத் தெரியாதவர்கள்' என்று ஏழைகளைப் பழிப்போர் நம்மிடையே உண்டு. பழிப்பவர் ஒருநாள் அவர்களின் அடுப்பங்கரையை எட்டிப் பார்க்கட்டும். கைக்கு எட்டுவது தீட்டிய அரிசிச் சோறு. விலை ஏறும்போது முதலில் குறைவது காய்கறியும் பருப்பும். இடைப்பட்ட பசிக்குச் சர்க்கரை மிகுந்த தேநீர்.

இன்னும் ஆழமான காரணமும் உண்டு. புனே மாவட்டக் கிராமங்களில் டாக்டர் யாஜ்னிக் குழுவினர் 1993இல் தொடங்கிய ஆய்வில், அங்கு பிறந்த குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ, இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் நகரக் குழந்தைகளுக்கு 3.5 கிலோ. எடை இவ்வளவு குறைந்தும் உடற்கொழுப்பு அந்த அளவுக்குக் குறையவில்லை, குறைந்தது தசையே. இத்தகைய உடல் பிற்காலத்தில் நீரிழிவுக்கு எளிதில் இடங்கொடுக்கும் என மருத்துவர்கள் கருதுகின்றனர். கர்ப்பிணியின் தட்டில் சத்தில்லாமற்போவதன் விலையைப் பிள்ளை நாற்பது வயதில் செலுத்துகிறது!

நோய் வந்தபின் நிகழ்வதோ இன்னும் கொடியது. தினக்கூலி பெறுபவருக்கு மருத்துவமனை வரிசையில் நிற்கும் நாள் கூலியில்லாத நாள். எனவே மாத்திரை தீர்ந்தாலும் 'உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது' என விட்டுவிடுகிறார். இரத்தத்தில் சர்க்கரை ஏறுவது வலிப்பதில்லையே! நாளடைவில் பாதத்தில் உணர்ச்சி மங்குகிறது. குத்திய ஆணி தெரிவதில்லை. புண் புரையோடிக் காலையே எடுக்க நேர்ந்தால், அக்குடும்பத்தின் அடுப்பும் அணைகிறது.

சகோதரர்களே! ஜகாத்துக்கு உரியோரில் ஏழைகளையும் வறியவர்களையுமே திருமறை முதலில் குறிப்பிடுகிறது. ரமளானில் ஒருமுறை கொடுக்கும் சில்லறை நோட்டுகளால் இந்நோய்க்கு ஈடுகொடுக்க முடியாது. இது மாதந்தோறும் செலவு வைக்கும் நோய். வலீமாவுக்கு ஐந்து வகை இனிப்பு வைக்கும் நாம், பைத்துல்மாலில் இன்சுலினுக்கும் மென்மையான காலணிக்கும் ஒரு பங்கு ஒதுக்க இயலாதா?

ஆரம்ப சுகாதார நிலையங்களில் மாத்திரைகள் இலவசமாகவே கிடைக்கின்றன. வீட்டுக்கே மருந்து கொண்டுவரும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தைத் தமிழக அரசு 2021இல் தொடங்கியது. நம் மஹல்லாவில் மருந்து எட்டாத வீடுகள் எவை என்று தெருவாரியாகப் பட்டியல் எடுக்க வேண்டும். தொழுகை முடிந்ததும் நிர்வாகிகளிடம் பெயர்களைக் கொடுங்கள். ஜுமுஆவுக்கு வராத தாய்மார்களின் பெயர்களையும் சேர்த்தே கொடுங்கள்.