வெள்ளமும் வறட்சியும்: பீகார் தரும் பாடம்



வெள்ளத்தையும் வறட்சியையும் இருவேறு பகைகளாகக் கருதி, ஒன்றுக்குக் கரையும் மற்றொன்றுக்கு நிவாரணமும் தேடுவது நம் வழக்கம். கங்கைக்கு வடக்கே வெள்ளமும் தெற்கே வறட்சியும் கண்டுவரும் பீகார் மாநிலம், இவ்வழக்கம் போதாது என்பதைக் காட்டுகிறது.

வடக்கே பாயும் கோசி நதி, இமயத்திலிருந்து பெருமளவு வண்டலைச் சுமந்து வருவது. இரு நூற்றாண்டுகளுக்குச் சற்று மேற்பட்ட காலத்தில் அது ஏறத்தாழ 120 கிலோமீட்டர் மேற்கே நகர்ந்தது. 1950களில் அதன் இரு மருங்கிலும் கரைகள் எழுப்பும் பணி தொடங்கிற்று. கரைகள் நதியின் நகர்வைத் தடுத்தன. ஆயின் வயல்களில் பரவ வேண்டிய வண்டல் படுகையிலேயே படிந்து அதனை உயர்த்தியது. கரைக்கு வெளியே பெய்த மழைநீரும் வடிய வழியின்றித் தேங்கலாயிற்று. 2008 ஆகஸ்ட் 18 அன்று, நேபாளத்தில் குசஹா என்னுமிடத்தில் கிழக்குக் கரை உடைந்தது. விநாடிக்கு 9.5 லட்சம் கன அடி நீரைத் தாங்குமாறு அமைக்கப்பட்ட அக்கரை, அதில் ஐந்திலொரு பங்குக்கும் குறைந்த நீரோட்டத்திலேயே உடைந்தது என்பது சிந்திக்கத்தக்கது. பீகாரில் மட்டும் முப்பது லட்சத்துக்கும் அதிகமான மக்கள் அல்லலுற்றனர். 1954இல் 25 லட்சம் ஹெக்டேராக இருந்த அம்மாநிலத்தின் வெள்ள அபாயப் பரப்பு, 1990களில் ஏறத்தாழ 69 லட்சம் ஹெக்டேராக மதிப்பிடப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் கரைகளின் நீளமும் பன்மடங்கு பெருகியிருந்தது.

இனி, தெற்கே கயைப் பகுதியைக் காண்போம். அங்கு ஆறுகள் மழைக்காலத்தில் பெருகிச் சில நாட்களில் வற்றிவிடும். நிலமோ வடக்கு நோக்கிச் சரிந்தது. இச்சரிவையே முன்னோர் துணையாகக் கொண்டனர். 'பைன்' என்னும் கால்வாய்கள் ஆற்று வெள்ளத்தைப் பிரித்து வயல்களுக்குக் கொணர்ந்தன. மூன்று பக்கம் மட்டும் கரை கொண்ட 'ஆஹர்' என்னும் ஏரிகள் அந்நீரையும் மழைநீரையும் தேக்கின. அஸ்த நட்சத்திர மழை பொய்த்தாலும், அந்நீர் நெற்பயிரைக் காத்தது. நீர் வடிந்தபின், ஈரம் நிறைந்த ஏரிப்படுகையில் குளிர்காலப் பயிர் விளைந்தது. வெள்ளத்தின் வேகத்தைத் தணித்ததும், வறட்சிக்குச் சேமித்ததும் ஒரே அமைப்பே.

'கோவாம்' எனப்படும் ஊர்க்கூட்டு உழைப்பால் இவை தூர் வாரப்பட்டன. ஜமீன்தாரி முறை ஒழிந்தபின் பராமரிப்புப் பொறுப்பை ஏற்பார் இன்றிப் பல தூர்ந்தன. பல ஆக்கிரமிப்புக்கு உள்ளாயின. 2019இல் பீகார் அரசு தொடங்கிய 'ஜல்-ஜீவன்-ஹரியாலி' இயக்கம் இவற்றைப் புதுப்பிப்பதையும் தன் பணிகளுள் ஒன்றாக ஏற்றது.

கரைகளே வேண்டா என்பது என் கருத்தன்று. நகரங்களுக்கும் குடியிருப்புகளுக்கும் அவை தேவையே. எனினும், வண்டல் பரவவும் மழைநீர் வடியவும் இடமளிக்காத கரை, ஆபத்தை ஒத்திப்போடுமேயன்றி நீக்காது. அவ்வாறே, பராமரிக்கும் ஊர்ச்சபை இல்லாத ஏரியைத் தூர் வாரினாலும் அது மீண்டும் தூர்ந்துபோகும்.

ஆகவே அலுவலர்கள், மதிப்பீடு தயாரிக்குமுன் நீர் வரும் வழியையும் வடியும் வழியையும் ஊராருடன் நடந்து பார்த்தறிதல் வேண்டும். மாணவர்கள் தத்தம் ஊரின் கால்வாய்களை வரைபடமாக்கித் தரலாம். அடுத்த மழைக்கு முன்னரே இப்பணி தொடங்கப்படுதல் நலம்.