மலை உச்சிக் கோபுரமும் நம் மூச்சும்



நம் மலை உச்சியில் நிற்கும் தொலைபேசிக் கோபுரம் அடுத்த மலைக் கோபுரத்தோடு கண்ணுக்குத் தெரியாத அலை மூலம் பேசுகிறது. மழை பெய்தால் அந்த அலையின் பலம் குறையும். அந்தக் குறைவை வைத்து இலங்கையில் மழையை அளந்த ஆய்வு 2021இல் வெளிவந்தது.

அதற்கு முன், 2016இல், நோவாம் டேவிட், ஒலிவர் காவோ என்ற ஆய்வாளர்கள் இஸ்ரேல் நாட்டுக் கோபுரங்களின் பதிவுகளை ஆராய்ந்தார்கள். காற்றில்லாத இரவில் குளிர்காற்று தரையோடு தங்கும். சூடான காற்று மேலே மூடிபோல் நிற்கும். அடியிலுள்ள புகையும் தூசும் வெளியேறாது. அந்த நேரத்தில் கோபுர அலை தடுமாறுகிறது. கோபுரம் நஞ்சைப் பார்ப்பதில்லை. நஞ்சு தேங்கும் வேளையைக் காட்டுகிறது.

அந்த வேளையை நாமும் அறியலாம். விடியற்காலையில் அடுப்புப் புகை மேலே போகாமல் லயத்தின் மேல் பாய் விரித்தாற்போல் கிடந்தால் மூடி விழுந்திருக்கிறது. அப்போது மருந்தடித்தால் நுண்துளிகள் மிதந்து, கொழுந்து எடுக்கும் பெண்களிடமும் பிள்ளைக் காம்பராவுக்கும் போகும்.

ஆகவே கிளைத் தலைவர்கள் துரையிடம் இரண்டு கேளுங்கள். புகை தாழ்ந்து கிடக்கும் காலையில் மருந்தடிக்க ஆள் அனுப்பக் கூடாது. புகை கலையும்வரை காத்திருந்தவருக்கு அரைப்பேர் போடக் கூடாது.

அரசிடம் ஒன்று கேட்போம்: கோபுரப் பதிவுகள் கம்பெனிகளிடம் இருக்கின்றன. அவற்றைப் பெற்று, மூடி விழும் நாட்களில் தோட்டங்களுக்கு முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும்.